எம்.ஜி.பி. காரும் துருவும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கிலாந்தில் எம்.ஜி.பி. என்ற பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரை வைத்திருப்பவர்களும் வாங்க ஆசைப்படுபவர்களும் என்னிடம் கேட்கும் சந்தேகங்கள் ஏறக்குறைய ஒன்றே. இஞ்சினைப் பற்றி யாரும் அதிகம் கேட்பதில்லை. அது முரட்டு இஞ்சின், பாகங்களும் எளிதில் கிடைக்கின்றன. கேட்பதெல்லாம் துருவைப் பற்றித்தான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியே எழுதுவதற்குப் பதில் இங்கே தொகுத்திருக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன்.

எம்.ஜி.பி. என்றாலே துரு என்கிறார்களே, மற்ற பழைய கார்களுக்குத் துரு பிடிக்காதா?

எல்லாக் கார்களுக்கும் பிடிக்கும். எம்.ஜி.பி.யில் அது எங்கே பிடிக்கிறது என்பதுதான் சிக்கல். 1962 முதல் 1980 வரை ஆபிங்டன் தொழிற்சாலையில் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகள் உருவாயின. அதற்கு முந்தைய எம்.ஜி.ஏ. மாடலுக்குத் தனியாக ஒரு சேஸிஸ், அதாவது அடிச்சட்டம், இருந்தது. உடல் அதன்மேல் போல்ட்டில் உட்கார்ந்திருந்தது. எம்.ஜி.பி.க்குத் தனிச் சேஸிஸ் கிடையாது. மெல்லிய தகடுகளை அழுத்தி வளைத்து, பெட்டி பெட்டியாகச் சேர்த்து, புள்ளிப் புள்ளியாக வெல்டு செய்திருக்கிறார்கள். அந்த வெற்றுப் பெட்டிகள்தான் வண்டியைத் தாங்குகின்றன. அவற்றின் உட்புறத்துக்கு அன்றைய தொழிற்சாலை கொடுத்த பாதுகாப்பு மிகச் சொற்பம்.

இதில் திறந்த கூரை வண்டியின் நிலைமை இன்னும் மோசம். 1965இல் வந்த ஜி.டி. என்ற மூடிய வகைக்குக் கூரை இருப்பதால் மேலிருந்தும் கொஞ்சம் பிடிமானம் உண்டு. கூரை இல்லாத வண்டியின் நடுப்பகுதி மடங்காமல் நிற்பது பெரும்பாலும் கதவுகளுக்குக் கீழே இருபுறமும் நீளமாக ஓடும், சில் (sill) எனப்படும் இரண்டு வெற்றுப் பெட்டிகளின் தயவால்தான்.

தண்ணீர் பட்டாலே துரு பிடித்துவிடுமா?

இரும்பு, தண்ணீர், ஆக்சிஜன் மூன்றும் ஓரிடத்தில் சேர வேண்டும். மழை பட்டுக் காற்றில் காய்ந்துவிடும் தகட்டுக்குப் பெரிய ஆபத்து இல்லை. ஈரச் சேறு பொந்துக்குள் ஒதுங்கி வாரக்கணக்கில் காயாமல் கிடப்பதுதான் ஆபத்து.

உப்பு சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். பிரிட்டனில் குளிர்காலச் சாலைகளில் தூவும் பாறை உப்பில் பெரும்பகுதி செஷயரிலுள்ள வின்ஸ்ஃபோர்டு சுரங்கத்திலிருந்து வருகிறது. உப்புக் கரைசல் மின்சாரத்தைக் கடத்துவதால் அரிப்பு வேகமெடுக்கிறது. உப்பு காற்றிலிருக்கும் ஈரத்தையும் இழுத்து வைத்துக்கொள்ளும். அது செலவாகித் தீர்ந்துபோவதும் இல்லை. கழுவி வெளியேற்றும்வரை தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கும். துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைக்கிறது. இரண்டு தகடுகள் ஒட்டியிருக்கும் மூட்டுக்குள் புகுந்தால் அவற்றை உப்ப வைத்துப் பிரிக்கிறது. பிரிந்த இடைவெளியில் இன்னும் தண்ணீர் புகுகிறது.

பெயிண்டில் சின்னதாக ஒரு கொப்புளம் தெரிகிறது. தேய்த்துப் பெயிண்ட் அடித்தால் போதாதா?

அது எங்கிருந்து வந்த கொப்புளம் என்பதைப் பொறுத்தது. பானட் நுனியில் கல் தெறித்துப் பெயிண்ட் பெயர்ந்து, அந்த இடத்தில் துரு பிடித்திருந்தால் அது வெளித் துரு. பளபளக்கும் இரும்பு தெரியும்வரை சுரண்டிவிட்டுப் பிரைமரும் பெயிண்டும் அடித்தால் முடிந்தது.

கல் படவே வாய்ப்பில்லாத இடத்தில், குறிப்பாக முன் மட்கார்டின் பின்விளிம்பிலோ, கதவின் அடியிலோ, பின் சக்கர வளைவின் ஓரத்திலோ கொப்புளம் வந்தால் அது உள்ளிருந்து வருகிறது. கறையான் பிடித்த நிலைக்கதவைப் போல, வெளிப்பூச்சு மட்டும் மிச்சமிருக்கும். மேலே தெரிவது அரைக்காசு அளவு என்றால் உள்ளே உள்ளங்கை அளவு போயிருக்கும். திருப்புளி முனையால் அழுத்திப் பாருங்கள். உள்ளே இறங்கினால் தேய்த்துப் பயனில்லை, வெட்டித்தான் எடுக்க வேண்டும்.

வாங்கப் போகும்போது எங்கெல்லாம் பார்க்க வேண்டும்?

பெயிண்டின் பளபளப்பைக் கடைசியாகப் பாருங்கள். முதலில் தரையில் படுத்துச் சில்லின் அடிப்புறத்தைப் பாருங்கள். வெளிச் சில், உள் சில், இரண்டுக்கும் நடுவே செங்குத்தாக ஒரு தகடு, கீழே தரைத்தகட்டோடு சேரும் இடத்தில் மேடுபள்ளமாக அழுத்திய கேஸில் ரெயில் என நான்கு பாகங்கள் அங்கே கூடுகின்றன. இந்த நான்கும் தனித்தனியாகக் கண்ணுக்குத் தெரிய வேண்டும். எல்லாவற்றையும் மூடிக் கறுப்புப் பூச்சு வழவழவென்று இருந்தால் விலையைக் குறைத்துப் பேசுங்கள், அல்லது வேறு வண்டி பாருங்கள்.

அடுத்து முன் மட்கார்டு. சக்கரம் அடிக்கும் சேறு உள்ளே ஏறாமலிருக்க அங்கே ஒரு தடுப்புத் தகடும் அதைச் சுற்றி ரப்பரும் உண்டு. ரப்பர் காய்ந்து சுருங்கியதும் சேறு தடுப்பைத் தாண்டிக் கதவுத் தூணுக்கும் மட்கார்டுக்கும் நடுவே சேர்ந்து, சில்லின் முன்முனைமீது உட்கார்ந்துவிடும். மட்கார்டின் உள்பக்கம் மேலேயும் சேறு தங்கும் ஒரு திட்டு இருக்கிறது. அதனால் கதவுக்கு முன்னால் செங்குத்தாகவும், மட்கார்டின் மேற்புறத்தில் பின்பக்கமாகவும் கொப்புளங்கள் வரும். பக்கவாட்டில் ஓடும் குரோமியப் பட்டையின் கிளிப் துளைகளையும் பாருங்கள்.

இருக்கைகளுக்குப் பின்னால் உள்ள மூடியைத் தூக்குங்கள். 1974 வரை வந்த வண்டிகளில் அங்கே இரண்டு ஆறு வோல்ட் பேட்டரிகள் தொங்கும். மேலே அமிலம், கீழே சக்கரச் சேறு என்று அந்தப் பேட்டரிப் பெட்டிகள் இரு பக்கமும் அடி வாங்குகின்றன. பெரும்பாலான விற்பனையாளர்கள் இந்த மூடியைத் தாங்களே திறந்திருக்க மாட்டார்கள். அதற்குச் சற்று அருகே, அடியில், பின் ஸ்பிரிங் பட்டையின் முன்முனை மாட்டியிருக்கும் இடத்தைத் திருப்புளியால் தட்டுங்கள். அங்கே மந்தமான ஒலி வந்தால் செலவு பெரியது. டிக்கியின் தரையையும், தரைவிரிப்பைத் தூக்கி உட்காரும் பகுதியின் தரையையும், அதற்குக் கீழே நீளவாக்கில் போகும் சட்டங்களையும் பார்த்துவிடுங்கள். பெட்ரோல் டேங்க் அடியிலிருந்து பார்க்க நன்றாகத்தான் இருக்கும். அது இற்றுப்போவது மேற்பரப்பில், டிக்கித் தரைக்கும் அதற்கும் நடுவே தங்கும் சேற்றால்.

கதவு இடைவெளியைப் பார் என்று எல்லோரும் சொல்கிறார்கள். அதில் என்ன தெரியும்?

திறந்த கூரை வண்டியில் அதுதான் மிக நேர்மையான சாட்சி. கதவின் பின்விளிம்புக்கும் பின் மட்கார்டுக்கும் நடுவேயுள்ள இடைவெளி மேலே குறுகியும் கீழே அகன்றும் இருந்தால் வண்டி நடுவில் தொய்ந்திருக்கிறது என்று பொருள். சில் இற்றுப்போயிருக்கலாம், அல்லது யாரோ ஒருவர் வண்டியைச் சரியாகத் தாங்காமல் சில் மாற்றியிருக்கலாம். இரண்டாவது முதலாவதைவிட மோசம். வளைந்த நிலையிலேயே வெல்டு செய்து நிலைநிறுத்தியிருப்பார்கள்.

தேய்ந்த கீலாலும் கதவு தொங்கும். கதவைப் பாதி திறந்து நுனியைத் தூக்கி ஆட்டினால் கீலின் ஆட்டம் கையில் தெரிந்துவிடும். இன்னொரு சோதனை: சில்லின் அடியில் ஜாக்கி பொருந்தும் இடத்தில் வண்டியைத் தூக்கி, கதவைத் திறந்து மூடச் சொல்லுங்கள். விற்பவர் ஜாக்கி வைக்கவே தயங்கினால் அதுவே பதில்.

காந்தம் ஒட்டுகிறது. அப்படியென்றால் நல்ல தகரம்தானே?

பள்ளம் நிரப்பப் பூசும் பட்டி மெல்லியதாக இருந்தால் அதற்கு மேலும் வலுவான காந்தம் ஒட்டும். இழுவை இடத்துக்கு இடம் மாறுகிறதா என்று பாருங்கள். பின் மட்கார்டின் மேற்பகுதியில் ஒருமுறை, சக்கர வளைவின் ஓரத்தில் ஒருமுறை. குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டும் மென்மையான காந்தம் இதற்கு நல்லது, பெயிண்டையும் கீறாது. தொடக்ககால எம்.ஜி.பி.க்களில் பானட் அலுமினியம். அங்கே காந்தம் ஒட்டாததைப் பார்த்து ஒருவர் வண்டி முழுக்கப் பட்டி என்று பயந்துபோய்த் திரும்பியிருக்கிறார்.

இற்றுப்போன சில்லுக்கு மேல் புதுத் தகடு வைத்து மூடினால் செலவு குறைவு என்கிறார் ஒர்க்ஷாப்காரர். சரியா?

செலவு குறைவுதான். வேலையும் நடக்கவில்லை. உள்ளேயிருக்கும் துரு அப்படியே இருக்கிறது, அதன்மேல் காற்றோட்டமில்லாத இன்னொரு பெட்டி சேர்கிறது. நடுத்தகட்டையும் கேஸில் ரெயிலையும் யாரும் தொடவில்லை. சில ஆண்டுகளில் புதுத் தகடும் போகும்; அதற்குள் அடுத்திருக்கும் தரைத்தகட்டையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும்.

முறையாகச் செய்வதென்றால், போல்ட்டில் நிற்கும் முன் மட்கார்டைக் கழற்ற வேண்டும். வெளிச் சில் அதன் பின்னால் முன்சக்கர வளைவுவரை போகிறது. பின் மட்கார்டு வெல்டில் நிற்பதால் அதைக் கழற்ற முடியாது. கதவுக்குப் பின்னால் உள்ள கீழ்முனையை வெட்டி எடுக்க வேண்டும், ஏனென்றால் சில் அதன் உள்ளேயும் தொடர்கிறது. பிறகு வெளிச் சில்லை வெட்டி, நடுத்தகடு, உள் சில், ரெயில் மூன்றையும் பார்த்து, கெட்டதையெல்லாம் மாற்ற வேண்டும். முன் மட்கார்டைக் கழற்றாமல் சில் மாற்றியதாக ஒருவர் சொன்னால், தெரிகிற பகுதியை மட்டும் மாற்றியிருக்கிறார் என்று அர்த்தம். விலைப்பட்டியலில் இந்த ஒரு வரியைத் தேடினாலே பாதி உண்மை தெரிந்துவிடும்.

சில்லை வெட்டினால் வண்டி மடங்கிவிடும் என்கிறார்களே?

தாங்காமல் வெட்டினால் மடங்கும். அதனால் ஒரு நேரத்தில் ஒரு பக்கம் மட்டும்தான். கதவுத் திறப்பின் முன்தூணுக்கும் பின்தூணுக்கும் நடுவே இரும்புக் குழாயைக் குறுக்காக வெல்டு செய்தோ, போல்ட் போட்டோ அளவை நிலைநிறுத்த வேண்டும். வண்டி சமதளத்தில், ஓடும்போது எடை எங்கே இறங்குமோ அங்கேயே, அதாவது முன் குறுக்குச் சட்டத்திலும் பின் ஆக்சிலிலும், தாங்கப்பட்டு நிற்க வேண்டும். நடுவில் ஜாக்கி வைத்துத் தூக்கிக்கொண்டு வெல்டு செய்யவே கூடாது.

வெட்டுவதற்கு முன் கதவு இடைவெளிகளை அளந்து எழுதி வையுங்கள். புதுச் சில்லைக் கவ்வியால் பிடித்து, அங்கங்கே ஒரு பொட்டு வெல்டு வைத்து, கதவையும் முன் மட்கார்டையும் மாட்டிப் பாருங்கள். இடைவெளி சரியாக வந்த பிறகுதான் முழு வெல்டிங். மாட்டிக் கழற்றி மாட்டுவது சலிப்பான வேலைதான். ஆனால் முழுக்க வெல்டு செய்தபின் கதவு மூடவில்லை என்றால் அதற்கு மருந்தில்லை.

நானே வெல்டிங் கற்றுக்கொண்டு செய்யலாமா?

செய்யலாம், பலர் செய்கிறார்கள். கம்பியைத் தானே ஊட்டும் மிக் வெல்டிங் இயந்திரம், 0.6 மில்லிமீட்டர் கம்பி, ஆர்கானும் கார்பன் டை ஆக்சைடும் கலந்த வாயு ஆகியவை இந்த வேலைக்குப் பொருத்தம். வாயு இல்லாமல் ஓடும் மலிவான இயந்திரம் சுமார் ஒரு மில்லிமீட்டர் கனமுள்ள இந்தத் தகடுகளுக்கு முரட்டுத்தனமானது. பற்ற வைப்பதைவிடப் பொத்தல் போடுவதே அதிகம். பழைய தகட்டுத் துண்டுகளில் கை பழகிய பிறகு வண்டியைத் தொடுங்கள். தொடங்குவதற்குப் பேட்டரிப் பெட்டியும் தரைத்தகடும் நல்லவை. யார் கண்ணிலும் படாது.

நீளமாக ஒரே ஓட்டமாக வெல்டு செய்தால் சூட்டில் தகடு நெளியும். இங்கே ஒரு பொட்டு, ஓரடி தள்ளி ஒரு பொட்டு என்று மாறி மாறி வைத்து இடைவெளிகளை நிரப்ப வேண்டும். தொழிற்சாலை புள்ளி வெல்டு செய்த இடங்களில் மேல்தகட்டில் துளையிட்டு அந்தத் துளையை நிரப்பி வெல்டு செய்தால் அதே வலுவும் கிட்டத்தட்ட அதே தோற்றமும் கிடைக்கும். துரு மிச்சமிருக்கும் தகட்டில் வெல்டு பிடிக்காது. நல்ல இரும்பு வரும்வரை வெட்டிக்கொண்டே போங்கள். வெட்டும் அளவு நினைத்ததைவிட எப்போதும் பெரிதாகத்தான் வரும்.

தீப்பிடிக்கும் அபாயம் உண்டா?

நிச்சயமாக உண்டு. வண்டியின் பின்பாதியில் வெல்டிங் என்றால் பெட்ரோல் டேங்கைக் கழற்றி வேறிடத்தில் வைத்துவிடுங்கள். காலி டேங்க்தானே என்று அலட்சியம் வேண்டாம். ஆவி நிறைந்த காலி டேங்க் பெட்ரோல் நிறைந்ததைவிட ஆபத்தானது. தரைவிரிப்பு, அதன் கீழுள்ள சணல் விரிப்பு, பழைய அடிப்பூச்சு, மெழுகு எல்லாமே எரியும், அதுவும் நீங்கள் பார்க்காத மறுபக்கத்தில். பேட்டரி இணைப்பைக் கழற்றுங்கள், தீயணைப்பான் கையெட்டும் தூரத்தில் இருக்கட்டும், வேலை முடிந்த உடனே கதவைப் பூட்டிக்கொண்டு சாப்பிடப் போய்விடாதீர்கள்.

பட்டி போடவே கூடாதா? பட்டி என்றாலே மோசடி என்று ஒருவர் சொன்னார்.

அது மிகை. நல்ல டிங்கரிங் வேலையிலும் ஓரிரு மில்லிமீட்டர் பட்டி இருக்கும். வெல்டின் மேட்டைச் சமன் செய்யவும் சின்னப் பள்ளத்தை நிரப்பவும் அது வேண்டும். மோசடி என்பது பொத்தலில் கம்பிவலையோ செய்தித்தாளோ அடைத்து அதன்மேல் பட்டி பூசுவது. பட்டி ஈரத்தை உறிஞ்சும். பின்னால் இரும்பு இல்லாத பட்டி, பின்பக்கத்திலிருந்து ஈரத்தை இழுத்து விளிம்பைச் சுற்றிப் புதிய துருவை வளர்க்கும். முதலில் எபாக்ஸி பிரைமர் (ஈரத்தை எளிதில் உள்ளே விடாத பிசின் பூச்சு), அதன்மேல் பட்டி என்ற வரிசையையே நான் விரும்புகிறேன்.

துருவின்மேல் தடவினால் கறுப்பாக மாறிவிடும் திரவம் விற்கிறார்களே, அது வேலை செய்யுமா?

ஓரளவு செய்யும். பாஸ்பாரிக் அமிலம் உள்ளவை துருவை இரும்பு பாஸ்பேட்டாகவும், டானின் உள்ளவை அதைக் கருநீலச் சேர்மமாகவும் மாற்றுகின்றன. சொரசொரப்பான, குழிகளில் மட்டும் துரு தங்கிய, இன்னும் கனமுள்ள இரும்புக்கு இது உதவும். பின் ஆக்சில், சஸ்பென்ஷன் பாகங்கள் போன்றவை நல்ல உதாரணம். செதில் செதிலாக உதிரும் துருவின்மேல் ஊற்றினால் மேல்செதில் மட்டும் மாறும், அடியில் துரு பழையபடி தின்றுகொண்டிருக்கும். கம்பித் தூரிகையால் உதிர்வதையெல்லாம் உதிர்த்த பிறகே தடவ வேண்டும். போன இரும்பை எந்தத் திரவமும் திருப்பித் தராது.

வண்டியை மொத்தமாக மணல் பீய்ச்சிச் சுத்தம் செய்யலாமா? அமிலத் தொட்டியில் முக்குவது நல்லதா?

கனமான பாகங்களுக்கு மணல் சரி. பானட், கதவு, மட்கார்டு போன்ற அகன்ற தகடுகளில் அழுத்தமாகப் பீய்ச்சினால் தகடு அலையலையாக நெளிந்துவிடும், திரும்ப நேராக்க முடியாது. அவற்றுக்கு மென்மையான துகள்கள், அல்லது பெயிண்ட் நீக்கியும் பொறுமையும்.

அமிலத் தொட்டி பெட்டிகளின் உள்ளேயும் போய்த் துருவைக் கரைக்கும். வேறெந்த முறையும் அங்கே எட்டாது. ஆனால் மூட்டுகளுக்குள் புகுந்த அமிலம் முழுதாக நடுநிலையாக்கப்படாவிட்டால், புதுப் பெயிண்ட் அடித்து மாதங்கள் கழித்து மூட்டுவழியே கசிந்து வரும். தொட்டியில் முக்கி எடுத்த கையோடு மின்முறையில் பிரைமர் ஏற்றித் தரும் இடத்தில் கொடுத்தால் நல்லது. அப்படியில்லாமல் அமிலம் மட்டும் என்றால் நான் கொடுக்க மாட்டேன்.

எந்தப் பிரைமர் நல்லது?

வெறும் இரும்புக்கு எபாக்ஸி. கார் உதிரிபாகக் கடைகளில் மலிவாகக் கிடைக்கும் சாதாரணப் பிரைமர்கள் பல ஈரத்தை உள்ளே விடும். சாம்பல் நிறப் பிரைமரோடு வண்டியைக் குளிர்காலம் முழுக்க வெளியே நிறுத்தினால் அடியில் துரு பிடித்திருக்கும். வெல்டு செய்யும் மடிப்புகளுக்குள் துத்தநாகம் கலந்த, வெல்டிங்கைத் தாங்கும் பிரைமரைத் தடவுங்கள். அந்தப் புகையைச் சுவாசிக்க வேண்டாம். இரண்டு பாகங்கள் கலந்து அடிக்கும் பெயிண்டுகளில் ஐசோசயனேட் இருப்பதால், வெளியிலிருந்து காற்று வரும் முகமூடி இல்லாமல் கராஜில் அடிக்காதீர்கள். சாதாரண வடிகட்டி முகமூடி அதற்குப் போதாது.

அடியில் தார் மாதிரி கனமாகப் பூசிவிட்டால் பிறகு கவலையில்லைதானே?

கவலை கண்ணுக்குத் தெரியாமல் போகும், அவ்வளவுதான். கெட்டியான தார்ப்பூச்சு வயதானதும் வறண்டு வெடிக்கும். வெடிப்பில் புகுந்த தண்ணீர் தகட்டுக்கும் பூச்சுக்கும் நடுவே பரவி, காய வழியில்லாமல் நிற்கும். பூச்சைச் சுரண்டினால் அதோடு தரைத்தகடும் பெயர்ந்து வருவது பழக்கமான காட்சி. விற்பதற்குச் சற்றுமுன் புதிதாகப் பூசப்பட்டது என்றால் சந்தேகம் இன்னும் வலுக்க வேண்டும்.

சுத்தமான இரும்பு, எபாக்ஸி, மூட்டுகளுக்கு நிரப்புப் பசை, கல்லடி தாங்கும் மெல்லிய பூச்சு, அதன்மேல் மெழுகு என்பதே சரியான வரிசை. ஒளி ஊடுருவும் மெழுகாக இருந்தால், ஆண்டுதோறும் படுத்துப் பார்க்கும்போது அடியிலுள்ள நிலைமை தெரியும்.

மெழுகை எங்கே, எப்படி அடிக்க வேண்டும்?

வேக்ஸாயில், டினிட்ரால், பில்ட் ஹேம்பர் போன்ற பெயர்களில் வருபவையெல்லாம் கரைப்பானில் கரைத்த மெழுகும் துருத் தடுப்பானும்தான். வெற்றுப் பெட்டிகளுக்கு நீர்த்தது, நுண்ணிய இடுக்கில் ஏறிப் பரவக்கூடியது வேண்டும். வெளிப்புறத்துக்குக் கெட்டியானது. வெப்பமான, வறண்ட கோடைநாளில் வேலையை வைத்துக்கொள்ளுங்கள். டப்பாவை வெந்நீர்ப் பாத்திரத்தில் வைத்தால் மெழுகு இளகி நன்றாகப் பரவும், அடுப்பில் வைக்காதீர்கள்.

நீளமான குழாய்நுனியைச் சில்லின் கடைசிவரை விட்டு, அடித்துக்கொண்டே மெதுவாக வெளியே இழுக்க வேண்டும். முன்பே சொன்ன நடுத்தகடு சில்லை இரண்டு அறைகளாகப் பிரிக்கிறது என்பதை மறக்க வேண்டாம். பெரும்பாலானோர் ஓர் அறைக்கு மட்டும் அடித்துவிட்டு இரண்டும் முடிந்ததாக நினைக்கிறார்கள். நீளச் சட்டங்கள், குறுக்குச் சட்டம், கதவின் உட்புறம், முன் மட்கார்டுக்குள் உள்ள திட்டு, பின் சக்கர வளைவின் இரட்டைத் தகட்டு மடிப்பு, முன்விளக்குக் கிண்ணத்தின் பின்புறம் ஆகியவையும் பட்டியலில் சேரும். வெல்டிங், பெயிண்ட் இரண்டும் முடிந்த பிறகே மெழுகு. முந்தினால் வெல்டிங்கில் எரியும், பெயிண்டும் ஒட்டாது.

சில்லின் அடியிலும் கதவின் அடியிலும் சின்ன ஓட்டைகள் இருக்கின்றன. தண்ணீர் ஏறாமல் அடைத்துவிடட்டுமா?

தயவுசெய்து வேண்டாம். அவை வடிகால். இந்த வண்டிக்குள் தண்ணீர் வராமல் தடுக்கவே முடியாது. கண்ணாடியின் ஓரமாகக் கதவுக்குள் இறங்கத்தான் செய்யும். வந்த தண்ணீர் வெளியே போக வழி இருக்க வேண்டும் என்றுதான் வடிவமைத்தவர்கள் துளைகளை விட்டார்கள். கேஸில் ரெயிலின் மேடுபள்ளமும் அதற்காகத்தான். மெழுகு அடித்த மறுநாள் ஒரு கம்பியை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு துளையும் திறந்திருக்கிறதா என்று குத்திப் பாருங்கள்.

பலருக்குத் தெரியாத ஒன்று, முன்கண்ணாடிக்கு முன்னால் ஹீட்டருக்குக் காற்று எடுக்கும் வலைமூடி. அதன்வழி இறங்கும் மழைநீர் ஒரு ரப்பர்க் குழாய் வழியாகக் கீழே வடிய வேண்டும். இலையும் மண்ணும் அதை அடைத்தால் தண்ணீர் உங்கள் காலடிக்கு வரும். தரைவிரிப்பு ஏன் எப்போதும் ஈரமாக இருக்கிறது என்று கூரைத்துணியையே குற்றம் சொல்பவர்கள் இந்தக் குழாயை ஒருமுறை பார்க்கட்டும்.

குளிர்காலத்தில் ஓட்டலாமா?

சாலையில் உப்பு இருந்தால் நான் எடுக்க மாட்டேன். குளிரால் கெடுதல் இல்லை. உலர்ந்த உறைபனி நாளில், உப்புத் தூவாத சாலையில் ஓட்டுவதால் நன்மையே. உப்புச் சாலையில் ஓட்டியே ஆக வேண்டுமென்றால், அன்றோ மறுநாளோ அடிப்புறத்தையும் சக்கர வளைவுகளையும் தோட்டக் குழாயின் மிதமான நீரில் நிதானமாகக் கழுவுங்கள். உயர் அழுத்தக் கருவி மெழுகையும் பெயர்க்கும், உப்பையும் மூட்டுக்குள் தள்ளும். வசந்தத்தில் நல்ல மழை பெய்து சாலையைக் கழுவிய பிறகு வண்டியை வெளியே எடுப்பதே பெரும்பாலோர் வழக்கம்.

கராஜில் ஹீட்டர் போட்டு, பிளாஸ்டிக் உறை போட்டு மூடி வைத்தால் பாதுகாப்புதானே?

இரண்டுமே தவறு. ஈர வண்டியைச் சூடான கராஜில் விட்டால் துருவின் வேகம் கூடும். குளிர்ந்த, காற்றோட்டமுள்ள கொட்டகை அதைவிட மேல். பிளாஸ்டிக் உறை தரையிலிருந்து எழும் ஈரத்தை உள்ளே பிடித்து வைத்துச் சொட்டச் சொட்ட வண்டிமேல் திருப்பி விடும். துணியாலான, காற்றுப் புகும் உறை போதும். கதவிடுக்குகள் நன்றாக மூடிய கராஜ் என்றால் ஈரம் நீக்கும் கருவி ஒன்றை வாங்கி, காற்றின் ஈரப்பதம் 50 விழுக்காட்டுக்கு அருகே இருக்குமாறு வைத்தால் துரு கிட்டத்தட்ட நின்றுவிடும்.

பேட்டரியில் இணைத்தால் துருவே பிடிக்காது என்று ஒரு மின்னணுக் கருவி விற்கிறார்கள். வாங்கலாமா?

கப்பலுக்கும் புதைகுழாய்க்கும் மின்முறைப் பாதுகாப்பு உண்மையிலேயே வேலை செய்கிறது. அங்கே இரும்பும் எதிர்முனையும் ஒரே நீரிலோ ஈரமண்ணிலோ மூழ்கியிருக்கின்றன, மின்சுற்று முழுமையடைகிறது. கார் காற்றில் நிற்கிறது. சில்லுக்குள் ஒரு துளி, கதவுக்குள் ஒரு துளி என்று தனித்தனியே இருக்கும் ஈரத்துக்கு எந்தச் சுற்றும் கிடையாது. அந்தப் பணத்துக்கு மெழுகு வாங்குங்கள்.

கலிபோர்னியாவிலிருந்து வந்த வண்டியில் துருவே இருக்காது என்கிறார்கள். கூடுதல் விலை கொடுக்கலாமா?

எம்.ஜி.பி.க்களில் பெரும்பகுதி அமெரிக்காவுக்குத்தான் போயின. வறண்ட மாநிலங்களில் வாழ்ந்தவற்றின் சில்கள் இன்றும் அசலாக இருப்பதுண்டு. அதற்காகக் கூடுதல் கொடுப்பது நியாயமே. ஸ்டீயரிங் இடதுபக்கம் இருக்கும், வெயிலில் டேஷ்போர்டும் இருக்கைகளும் ரப்பர்களும் பொடிந்திருக்கும். ரப்பர் வாங்கி மாட்டுவது சில் மாற்றுவதைவிட எவ்வளவோ எளிது. ஆனால் அமெரிக்கா என்ற சொல் மட்டும் உத்தரவாதம் ஆகாது. வட மாநிலங்களிலும் சாலையில் உப்புத் தூவுகிறார்கள். கடலோரக் காற்றிலும் உப்பு உண்டு. நான்காவது கேள்வியில் சொன்ன எல்லா இடங்களையும் அதே கண்டிப்போடு பாருங்கள்.

எல்லாம் இற்றுப்போயிருக்கிறது. புது உடற்கூடு வாங்கிவிடலாமா?

எம்.ஜி.பி.யின் பேறு இது. பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிடேஜ் நிறுவனம் 1988 முதல் பழைய அச்சுகளைக் கொண்டே புது உடற்கூடுகளைச் செய்து வருகிறது. சில், இரு பக்கத் தரைகள், பின் மட்கார்டுகள், கதவுகள், பெயிண்ட் என எல்லாமே தேவைப்படும் வண்டிக்குக் கூலிக் கணக்குப் போட்டால், புதுக்கூடு வியக்கத்தக்க வகையில் நியாயமாகத் தோன்றும். பழையதிலிருந்து இஞ்சின், வயரிங், கண்ணாடி, கைப்பிடிவரை மாற்றும் உழைப்பையும் கணக்கில் சேருங்கள். பதிவு எண் தொடர்வதற்கான டி.வி.எல்.ஏ. (பிரிட்டனின் வாகனப் பதிவு அமைப்பு) விதிகளைக் கூட்டை வாங்கும் முன்பே படித்துவிடுங்கள். புதுக்கூட்டுக்கும் வாங்கிய முதல் ஆண்டிலேயே மெழுகு அடிக்க வேண்டும், அதுவும் எஃகுதான்.

நாற்பது வயதாகிவிட்டதால் எம்.ஓ.டி. சோதனை தேவையில்லை. அப்படியானால் துருவை அவசரமாகப் பார்க்க வேண்டுமா?

எம்.ஓ.டி. என்பது பிரிட்டனில் ஆண்டுதோறும் நடக்கும் வாகனத் தகுதிச் சோதனை. 2018 மே மாதம் முதல், பெரிய மாற்றம் செய்யாத நாற்பதாண்டு வண்டிகளுக்குச் சோதனை கட்டாயமில்லை. சாலைக்குத் தகுதியான நிலையில் வைத்திருக்கும் பொறுப்பிலிருந்து உரிமையாளருக்கு விலக்கு இல்லை. விபத்து நடந்தால் காப்பீட்டு நிறுவனம் கேட்கும் முதல் கேள்விகளில் அது ஒன்றாக இருக்கும்.

சோதனையில் சஸ்பென்ஷன், ஸ்டீயரிங், பிரேக், சீட் பெல்ட் மாட்டியிருக்கும் இடங்களிலிருந்து 30 சென்டிமீட்டருக்குள் வலுவைக் கெடுக்கும் துரு இருந்தால் தோல்வி. எம்.ஜி.பி.யில் சீட் பெல்ட்டும் ஸ்பிரிங் பட்டையும் எங்கே மாட்டியிருக்கின்றன என்று பார்த்தால், சில்லின் பெரும்பகுதி அந்த அளவுக்குள் வந்துவிடும். ஒட்டுத் தகட்டைச் சுற்றிலும் தொடர்ச்சியாக வெல்டு செய்திருக்க வேண்டும். பசையால் ஒட்டியதை ஏற்பதில்லை. விலக்கு இருந்தாலும் கட்டணம் கட்டி விருப்பச் சோதனைக்குக் கொண்டுபோகலாம். சோதிப்பவர் தரைவிரிப்பைக் கழற்றிப் பார்க்க மாட்டார், சில்லுக்குள்ளும் பார்க்க மாட்டார். ஆகவே போவதற்கு முந்தைய வாரம் விரிப்பைத் தூக்கிப் பேட்டரி மூடியைத் திறந்து, நீங்களே திருப்புளியோடு ஒரு சுற்றுப் பார்த்துவிடுங்கள்.